மறு: டோர்க் – இறுக்கமா, முறுக்கமா, திருப்புவிசையா?

அனுப்பியவர்: வாகனத் தொழில்நுட்ப ஆசிரியர், திருகோணமலை நகர்

வணக்கம்.

பயிற்சிக் கையேட்டுக்கு வந்த சொற்பட்டியலில் டோர்க் என்பதற்கு நேரே ‘இறுக்கம்’ என்று போட்டிருக்கிறது. இதை நான் ஏற்கமாட்டேன். ஆணி (போல்ட்) இழுபட்டு இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறதே, அதுதான் இறுக்கம். டோர்க் என்பது சாவியால் நாம் கொடுக்கும் திருகல். முதலாவது நமக்கு வேண்டியது, இரண்டாவது நம்மால் அளக்கக்கூடியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், அளவு வந்துவிட்டதென்று டோர்க் சாவி எழுப்பும் கிளிக் சத்தம் கேட்டதும் ஆணி சரியாகப் பிடித்துவிட்டது என்றே மாணவன் நம்புவான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணிக்கு 100 நியூட்டன் மீற்றர் கொடுக்கிறோம். உலர்ந்த புரிக்கு உராய்வைக் கணக்கில் எடுக்கும் குணகம் ஏறத்தாழ 0.2. குணகத்தை மீற்றரில் எடுத்த விட்டத்தால் பெருக்கி, அதனால் 100ஐ வகுத்தால் ஆணிக்குள் சுமார் 41,700 நியூட்டன் இழுவை வரும். அதே ஆணியில் எண்ணெய் பட்டுக் குணகம் 0.15 ஆகிவிட்டால் இழுவை சுமார் 55,600. சாவி காட்டியது இரண்டு முறையும் ஒரே எண், பிடியோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பொதுவாக, கொடுக்கும் திருகலில் பாதி தலைக்கடியிலுள்ள உராய்வுக்கும் 40 சதவீதமளவு புரியின் உராய்வுக்கும் போய்விடும். ஆணியை இழுக்க மிஞ்சுவது பத்தில் ஒன்றுதான்.

ஆகவே என் முன்மொழிவு: கை கொடுப்பது முறுக்கம், ஆணிக்குள் தங்குவது முன்னிழுவை, பாகங்களை அமர்த்துவது பிடிவிசை. முறுக்கம் உயர்தரப் பௌதிகவியலில் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்லும்கூட.

---

அனுப்பியவர்: கராஜ் நடத்துபவர், உப்புவெளி

> கை கொடுப்பது முறுக்கம்

சேர், சொல் நல்லம். ஆனா கராஜில ‘டோர்க் வை’ எண்டுதான் சொல்லுறது. ‘முறுக்கம் வை’ எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். ‘அளவுக்கு முறுக்கு’ எண்டால் வாயில வரும். வினையாயும் நிக்கிற சொல்லெண்டால்தான் பட்டறைக்குள்ள வரும்.

அந்த எண்ணெய்க் கணக்கை இந்தப் பக்கத்துக் கையேட்டில பெரிய எழுத்தில போடுங்கோ. கடற்காத்தில சில்லு ஆணியெல்லாம் கறள் பிடிக்குதெண்டு இஞ்ச கனபேர் கிறீஸ் பூசி நட் போடுறவை. பூசினாப் பிறகு பழைய அளவுக்கே முறுக்கினால் ஆணி நீண்டுபோகும். கறளோட அப்பிடியே போட்டால் அதுக்கு எதிர்மாறு: உராய்வு எல்லாத்தையும் தின்னும், கிளிக் கேக்கும், பிடி இராது. கம்பித் தூரிகையால புரியையும் நட் அமருற சரிவையும் துடைச்சு, உலர விட்டுப் போடுறதுதான் முறை. நட் கையாலயே கடைசி வரைக்கும் ஓடவேணும். ஓடாட்டி புரி பழுது, ஆணியை மாத்தவேணும்.

சில்லு இறுக்கிறதையும் இப்பிடி எழுதலாம். ஜக்கில நிக்கேக்க நட்டெல்லாம் கையால, பிறகு சாவியால மெதுவா அமர்த்திறது. சில்லு நிலத்தைத் தொட்டதும் பாதி அளவு, அதுக்குப் பிறகு முழு அளவு. நாலு நட் எண்டால் குறுக்கால, அஞ்செண்டால் ஒண்டு விட்டு ஒண்டு. பக்கத்து நட்டுக்கு வரிசையாப் போனால் சில்லு ஒரு பக்கம் சரிஞ்சு அமரும், பிரேக் தட்டும் நெளியும், பிறகு பிரேக் மிதிக்கேக்க மிதி துடிக்குது எண்டு வருவினம். 50 இல இருந்து 100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்காப் பாக்கவேணும்.

டொயோட்டா கார் கனக்கத்துக்குச் சில்லு நட் அளவு 103 நியூட்டன் மீற்றர். காரோட வாற சாவி 25 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். 70 கிலோ ஆள் அதில ஏறி நிண்டால் 170ஐத் தாண்டும். குழாய் போட்டு நீட்டினால் கதையே வேற.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மூதூர்

முறுக்கத்துக்கு என் ஆதரவு உண்டு. ஒரு தடை மட்டும் இருக்கிறது, அது தீரக்கூடியதுதான்.

முதலில் மற்றச் சொற்களை விலக்கிவிடுவோம். தமிழ்நாட்டுப் பாடநூலிலுள்ள ‘திருப்புவிசை’யும் பரவலாக வழங்கும் ‘முறுக்குவிசை’யும் விசை என்று முடிகின்றன. இது விசை அல்ல. விசையைத் தூரத்தால் பெருக்க வருவது. அலகே அதைச் சொல்லிவிடுகிறது. ‘திருப்பம்’ இங்கே வேறொரு கருத்துக்குப் போய்விட்டது. ஆங்கிலத்திலும் டோர்க் பழைய சொல் அல்ல. 1884ல் பொறியியலாளர் ஜேம்ஸ் தொம்சன் முன்மொழிந்தது. முறுக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினைதான் அதற்கு வேர். நாமும் அதே வினையிலிருந்துதான் தொடங்குகிறோம்.

தடை இதுதான்: தண்டு தன் நீளவாக்கில் சுற்றிக்கொள்வதையும் சிலர் முறுக்கம் என்றே எழுதுகிறார்கள். இதைப் பிரிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. கை முறுக்குகிறது, தண்டு முறுகுகிறது. கொடுப்பதை முறுக்கம் என்றும் தண்டு படுவதை முறுகல் என்றும் வைப்போம். (பத்திரிகைகளின் ‘முறுகல் நிலை’யும் தோசையின் முறுகலும் குறுக்கே வராது என்று நம்புகிறேன்.)

கிளிக் என்று அளவு சொல்லும் அந்தக் கருவிக்கு? ‘அளவுச்சாவி’ என்று ஒரு முன்மொழிவு தனிமடலில் வந்தது.

---

அனுப்பியவர்: கராஜ் நடத்துபவர், உப்புவெளி

அளவுச்சாவி வேண்டாம். ‘என்ன அளவுச் சாவி?’ எண்டு கேட்டால் 14, 17 எண்டு நட்டின்ர அளவுதான் பதிலா வரும். முறுக்கச்சாவி எண்டே வையுங்கோ.

---

அனுப்பியவர்: வாகனத் தொழில்நுட்ப ஆசிரியர், திருகோணமலை நகர்

முறுக்கச்சாவி சரி. விளக்கத்தில் இவற்றையும் சேர்க்கிறேன். கைப்பிடியின் நடுவில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு கிளிக்கோடு நிறுத்த வேண்டும். ‘எதற்கும் இன்னொரு தடவை’ என்பது கூடுதல் முறுக்கம். கழற்ற இதைப் பாவிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, அளவைக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். 5,000 தடவைக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 200 வரை காட்டும் சாவியால் 18 நியூட்டன் மீற்றர் ஸ்பார்க் பிளக்கை இறுக்குவது வீண்வேலை, அலுமினியத் தலையில் புரி உரிந்துவிடும்.

அடுத்தது கோணம். எஞ்சின் தலை ஆணிகளை முறுக்கம் மட்டும் பார்த்து இறுக்குவதில்லை. டொயோட்டா விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் வரும் 1என்இசட்-எஃப்இ எஞ்சினுக்கு 29 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை. ஆணியின் தலையில் பெயின்ற் புள்ளி வைத்துத் திருப்புவார்கள். கோணம் உராய்வைக் கேட்பதில்லை: புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர் என்றால் கால் சுற்றுக்கு 0.31 மில்லிமீற்றர் முன்னேற்றம், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் முன்னிழுவை ஆணிக்கு ஆணி அதிகம் மாறாது. இதற்கு ‘திருகுகோணம்’ என்று எழுதியிருந்தேன்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், மூதூர்

திருகுகோணம் அழகான சொல், ஆனால் நம் ஊரில் அச்சேறாது. ஒரு எழுத்தை அச்சுக்கோப்பவர் பிழையென்று திருத்திவிடுவார். கையேடு முழுவதும் ‘திருகோணம் 90 பாகை’ என்று வரும். முறுக்குக்கோணம் போதும்.

---

அனுப்பியவர்: கராஜ் நடத்துபவர், உப்புவெளி

ஒண்டு விட்டுப்போச்சு. பழைய அட்டவணைகள் அடி-இறாத்தலில இருக்கு. அந்த 103தான் அதில 76. அந்த 76ஐ நியூட்டன் மீற்றர் எண்டு வாசிச்சு வைச்சால் கால் பங்கு குறைஞ்சுபோகும். சில்லு ஆணியில ஆடும், ஆணி முன்னுக்கும் பின்னுக்கும் வளைஞ்சு ஒருநாள் அறும். பெருக்க 1.356 எண்டு பக்கத்திலயே போடுங்கோ.

அதோட பட்டியலில ‘நி.மீ.’ எண்டு சுருக்கிப் போட்டிருக்கிறியள். அதே வரியில ஆணி விட்டத்துக்கு ‘மி.மீ.’. எண்ணெய்க் கையோட தாளைப் பிடிச்சால் ரெண்டும் ஒண்டுதான். நியூட்டன் மீற்றர் எண்டு முழுசா எழுதுங்கோ சேர்.