பச்சையாகிப் போன வீட்டு நீச்சல் குளம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கரையோரம்

மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் குளம் பச்சை. அது எப்படி ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். அதற்குப் பிறகு போன பதினோரு நாள்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தினமும் பொழுது சாய்ந்ததும் குளோரின் ஊற்றினேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பம்ப்பை நிறுத்தவே இல்லை. விடிந்து பார்த்தால் அதே பச்சை. டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்த்தால் குளோரின் இருக்கிறது என்கிறது. குளோரின் இருக்கிற தண்ணீரில் பாசி எப்படி உயிரோடு இருக்கும்? இந்தக் கேள்வியோடு பதினோரு நாள்.

கடைசியில் ஸ்டெபிலைசர் எவ்வளவு என்று பார்த்தேன், அதாவது குளோரின் வெயிலில் சீக்கிரம் போய்விடாமல் பிடித்து வைக்கும் சயனூரிக் ஆசிட். அதை அளக்கும் டெஸ்ட் குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், தெரியுமல்லவா? டெஸ்ட் மருந்து கலந்து கலங்கிய நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறைகிற இடத்தில் உள்ள எண்தான் அளவு. எனக்கு 100 என்ற கோட்டைத் தொடும் முன்பே புள்ளி மறைந்துவிட்டது. குளத்து நீரோடு சம அளவு குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன், 90. இரண்டால் பெருக்கினால் 180 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 180 பங்கு.

இரண்டு வருடமாக மிதவையில் போட்டு வந்த குளோரின் மாத்திரைகள்தான் காரணம். அந்த மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் விட்டுப் போகிறது. குளோரின் வெயிலில் போய்விடும், இது போகாது. ஆவியாகும் தண்ணீரோடும் போகாது. இது ஏற ஏறக் குளோரினின் வேகம் குறையும். இது 30 இருந்தால் பாசியைக் கொல்ல 12 பிபிஎம் குளோரின் போதும். 180 என்றால் 70க்கு மேல் வேண்டும். நான் ஊற்றியது அதற்குக் கிட்டக்கூட வரவில்லை.

பாதித் தண்ணீரை வெளியேற்றி நிரப்பினேன். மறுபடி பாதி. 45க்கு வந்தது. அதன் பிறகு 18 பிபிஎம் அளவில் குளோரினைப் பிடித்து வைத்ததில், இரண்டாம் நாள் காலையில் பச்சை போய்ச் சாம்பல் கலந்த பால் நிறம் வந்திருந்தது. செத்த பாசி. ஐந்தாம் நாள் அடியில் இருக்கும் வடிகால் மூடியின் கம்பிகளை எண்ண முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன்.

தெளிந்தநீர்

நண்பரே, உங்கள் கதை சரி. ஆனால் பச்சை என்றாலே பாசி என்று படிப்பவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. எனக்கு அடி வரை தெரிந்தது, ஆனால் தண்ணீர் பச்சை. கலங்கல் துளியும் இல்லை. வெள்ளை வாளியில் மொண்டு பார்த்தேன், அப்போதும் தெளிந்த இளம்பச்சை. இதற்கும் குளோரின்தான் மருந்து என்று நினைத்து ஊற்றினேன், ஒரு மணி நேரத்தில் பச்சை இன்னும் கூடியது.

இரண்டு நாள் கழித்து, குளித்துவிட்டு வெயிலில் தலை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவின் நரைமுடியைப் பார்த்தேன். காதோரத்தில் பச்சை. அப்போதுதான் செம்பு என்று உறைத்தது. மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் குளோரின் மாத்திரை போட்டு வந்ததில் நீர் அமிலமாகி, பிஎச் 6.8க்கு இறங்கி, ஹீட்டருக்குள் இருக்கும் செப்புக் குழாயை அரித்திருக்கிறது. சில பாசிக்கொல்லிகளிலும் செம்பு உண்டு. அதைத் தொடர்ந்து ஊற்றினாலும் இதே கதிதான். செம்பு கரைந்த தண்ணீரில் குளோரின் ஏற்ற ஏற்ற நிறம் தூக்கலாகும். மருந்து ஊற்றும் முன் ஒரு வாளி தண்ணீரைப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். அம்மா அந்த முடியை வெட்டிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஈரமண்

கரையோரம், "பாதித் தண்ணீரை வெளியேற்றினேன்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எந்தக் காலத்தில், எந்த மண்ணில் என்று சொல்லியிருக்க வேண்டும். நானும் வெளியேற்றினேன், முழுவதுமாக. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்த வாரம். எங்களுடையது ஃபைபர் குளம். நள்ளிரவில் மரம் முறிவது மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆழமான பக்கத்து விளிம்பு தரையை விட்டு ஒரு சாண் மேலே வந்து நிற்கிறது. நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளியிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரின் கனம்தான் குளத்தை மண்ணில் பிடித்து வைத்திருந்தது என்று அந்த ராத்திரி வரை எனக்குத் தெரியாது. அதைச் சரிக்கட்டவே முடியவில்லை, தோண்டி எடுத்தோம்.

கரையோரம்

ஈரமண், நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் நிலம் மேடு, அப்போது மழையும் இல்லை. அதை எழுதாதது என் தவறு.

ரோஜாநிறம்

எனக்கு சின்ன கதைதான். டெஸ்ட் கிட்ல டிபிடி போட்டேன், குளோரின் இருந்தா தண்ணிய ரோஸ் ஆக்கற மருந்து. ஒரு கண் சிமிட்டற நேரம் ரோஸ் கலர் வந்துச்சு, உடனே மறைஞ்சு தண்ணி வெறும் தண்ணியா நின்னுச்சு. சரி, குளோரின் சுத்தமா இல்லைன்னு நெனச்சு இன்னும் ஊத்தினேன். ரெண்டு நாள் இப்படியே. மூணாவது நாள் பார்த்தா குளத்தோட லைனர்ல, அதான் உள்பக்க விரிப்புல, இருந்த நீலப் பூ டிசைன் படிக்கட்டுப் பக்கம் வெளுத்துப் போயிருந்துச்சு. குளோரின் ரொம்ப ஜாஸ்தியானா டெஸ்ட்ல வர்ற ரோஸ் நிறத்தையே அது வெளுக்க வெச்சிடுமாம். கலர் வரலைன்னா ஒண்ணுமே இல்லைன்னும் அர்த்தம், எக்கச்சக்கமா இருக்குன்னும் அர்த்தம். அந்த ஒரு நொடி ரோஸை நான் பார்த்தேன். பார்த்துட்டும் விட்டுட்டேன்.

கையுறை

என் அனுபவம் இரண்டே வரி. மாத்திரைத் தூளை அள்ளிய அதே கரண்டியால் கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியை அள்ளினேன். டப்பாவுக்குள் சீறல், மஞ்சள் புகை. டப்பாவைத் தோட்டத்தில் வீசிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஒன்றுக்கு வைத்த கரண்டியை, மிதவையை, ஊட்டும் கருவியை இன்னொன்றுக்குத் தொடாதீர்கள். ஆசிடையும் லிக்விட் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், மூடி கசிந்தால் விஷவாயு. பொடியைக் கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிஎச்சை 7.2 பக்கம் இறக்கி, பம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அதன் பிறகு குளோரின். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டிவிட்டால் பிஎச் அளவு சரியாகக் காட்டாது, அதனால் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஊற்றுவது சாயங்காலம், வெயிலில் ஊற்றினால் பாதி வீண். பத்தாயிரம் லிட்டர் குளத்துக்கு 10 சதவீத லிக்விட் ஒரு லிட்டர் ஊற்றினால் சுமார் 10 பிபிஎம் ஏறும், கணக்குக்கு இது போதும். மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் சுத்தமான நிலையில் பிரஷர் கேஜ் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து கால் பங்கு ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது. பச்சைக் குளத்தில் இது ஒரு நாளைக்கே பல தடவை வரும். வால்வைத் திருப்பும் முன் பம்ப்பை நிறுத்துங்கள், பேக்வாஷ் முடிந்ததும் வால்வை ரின்ஸில் வைத்துக் கொஞ்சம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச அழுக்கு குளத்துக்கே திரும்பும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று உடனே நிறுத்தவும் வேண்டாம். ராத்திரி குளோரினை அளந்து வையுங்கள், விடிந்ததும் வெயில் படும் முன் அளந்து பாருங்கள். 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ பாசி மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் விளக்குக்குப் பின்னால்தான் இருக்கும். விளக்கின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

தெளிந்தநீர்

கையுறை, எல்லாம் சரிதான். செம்பு இருந்தால் இதில் ஒன்றுகூட உதவாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம்படி

எல்லோரும் தண்ணீரைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது வேறு.

குளம் பச்சையாக இருந்த நான்காம் நாள். பிரஷ் கோலின் நுனி, ஒரு முழம் முங்குவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். கோலை ஊன்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் பையனின் சிவப்புப் பந்து மிதந்துகொண்டிருந்தது. நான்கு வயது. வீட்டுக்குள் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். தலையைத் தூக்கினால் அவன் விளிம்பில் குந்தி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

விழவில்லை. போய்த் தூக்கிவிட்டேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பத்தடியில் எனக்கு ஓடிய நினைப்பு ஒன்றுதான். விழுந்தால் எந்த இடத்தில் கையை விட்டுத் தேடுவது? பக்கத்திலேயே நின்றாலும் அடியில் கிடப்பவன் தெரிய மாட்டான்.

அன்றே கதவுக்குப் பூட்டுப் போட்டேன். தண்ணீர் தெளிய இன்னும் ஆறு நாள் ஆனது. பூட்டு இன்றும் இருக்கிறது, பையனுக்கு இப்போது நீச்சல் தெரியும்.