ஞாயிறு ஆட்டத்திற்கு லெஃப்ட் பேக் யார்?

பாம்பன் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்திற்கான பெயர்ப் பட்டியலை இன்றிரவே கொடுக்க வேண்டும். இடப்பக்கத் தடுப்பாளரான லெஃப்ட் பேக் மட்டும் முடிவாகவில்லை.

உச்சிப்புளி அத்தை: என் மகன் இருக்கிறானே. அவனுக்கு இடது கால் பழக்கம்.

மண்டபம் அண்ணன்: முன்னால் ஓடினால் அவன் திரும்பி வருவதில்லை அத்தை.

தொண்டி மாமா: மாப்பிள்ளை, தடுக்க ஓர் ஆள் போதும் என்று அந்த இடத்தை நிரப்பிவிடாதீர்கள். நம் இடது விங்கர், அதாவது இடது ஓரத்தில் முன்னேறி ஆடும் இந்த மண்டபத்து மருமகன், வலது காலால் ஆடுபவன். பந்து கிடைத்ததும் உள்ளே வெட்டிக் கோலை நோக்கிப் போகிறான், எதிரணியினரும் அவனோடு நடுவில் குவிந்துவிடுகிறார்கள், ஓரம் முழுவதும் ஆளில்லாமல் கிடக்கிறது. 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் வலது விங்கர் ஜயர்சின்ஹோ இடப்பக்கம் நகர, இத்தாலியின் ஃபாக்கெட்டி அவரைத் தொடர்ந்தே போய்விட்டார். திறந்து கிடந்த வலது ஓரத்தில் ஓடி ஏறிய ரைட் பேக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, பெலே தள்ளிக்கொடுத்த பந்தை அடித்து நான்காவது கோலைப் போட்டார். நம் லெஃப்ட் பேக்கும் அப்படி ஓரத்தில் ஏற வேண்டும்.

மண்டபம் அண்ணன்: அவன் விட்டுச்செல்லும் இடத்தை யார் காப்பது மாமா?

தொண்டி மாமா: நடுக்களத்தில் ஒருவர் பின்தங்கி நிற்க வேண்டும், ரைட் பேக் ஏறக் கூடாது. 2018–19 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லிவர்பூலின் ரைட் பேக் டிரெண்ட் 12 கோல்களுக்கும் லெஃப்ட் பேக் ராபர்ட்சன் 11 கோல்களுக்கும் பந்து கொடுத்தார்கள் என்றால், நடுக்களத்தார் பின்னால் காவல் நின்றதும் அதற்குக் காரணம்.

பாம்பன் சித்தப்பா: கச்சான் காற்றில், ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கி அடிக்கும் உயரமான கிராஸ் திசை மாறிவிடுமே.

தொண்டி மாமா: கோல் கோடு வரை போய்த் தரையோடு பின்னோக்கித் தள்ளட்டும்.

பாம்பன் சித்தப்பா: தொண்டிக் கல்யாணத்திலிருந்து அத்தை மகனுக்கும் மண்டபத்து மருமகனுக்கும் பேச்சே இல்லை. மருமகன் அவனுக்குப் பந்து கொடுப்பானா?

உச்சிப்புளி அத்தை: யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

தொண்டி மாமா: பந்து கொடுக்காவிட்டாலும் அந்த ஓட்டம் வீணாகாது. ஓரத்தில் ஏறுபவனைத் தடுக்க ஒருவர் விலகியே ஆக வேண்டும். அவர் விலகினால் மருமகனுக்கு உள்ளே வழி கிடைக்கும், விலகாவிட்டால் ஓரத்தில் இருப்பவன் தனியாக நிற்பான். ஆனால் ஒருமுறையாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிரணி அவனைப் பொருட்படுத்தாது.

மண்டபம் அண்ணன்: அவன் ஏறட்டும், நான் உள்ளே போகிறேன். பந்தைப் பற்றி மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பாம்பன் சித்தப்பா: அப்படியானால் அவன் பெயரை எழுதிவிடுகிறேன்.

உச்சிப்புளி அத்தை: சற்றுப் பொறுங்கள், அவனிடம் நான் இன்னும் கேட்கவில்லை.