தராசு பிடிச்ச பொம்பள, ரோமானிய காசு, யார் இது?

பால்மரத்துப்பேரன்:
மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, பழைய சாமான் விக்கிற அங்கிள்கிட்ட 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு காசு வாங்கினேன், தங்கம் மாதிரி பளபளன்னு இருக்கு, ஒரு பக்கம் தாடி வச்ச ஆளோட தலை, பின்னாடி ஒரு பொம்பள ஒரு கையில தராசு இன்னொரு கையில கொம்பு, அதுலேருந்து பழமா வழியுது. பாட்டி பாத்துட்டு மகாலட்சுமிடான்னு சாமி ரூம்ல வச்சிட்டாங்க 😅 ஓரத்துல ஏ, ஈ, கியூ, வி-ன்னு எழுத்து ஓடுது. தங்கமா இருக்குமா?

பழையகாசு:
15 வெள்ளிக்கு தங்கம் எவன் தருவான் லா. கேக் செய்யிற டிஜிட்டல் தராசுல வச்சு பாருங்க. ரோமானிய தங்கக் காசுக்கு ஆரியஸ்னு பேரு, அகஸ்டஸ் காலத்துல கிட்டத்தட்ட நம்ம ஒரு பவுன் எடை, கி.பி. 64-ல ரோமானிய ராஜா நீரோ ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 45 காசுன்னு ஆக்கினதும் 7.3 கிராமுக்கு இறங்கிடுச்சு. ஓரத்துல ஒட்டு கோடு தெரிஞ்சா அச்சுல வார்த்த போலி, ஒரிஜினல் சுத்தியலால அடிச்சது. அந்தம்மா பேரு ஏக்விட்டாஸ், நேர்மை. ராஜாவுக்கு இருக்குற நல்ல குணத்த எல்லாம் இப்படி பொம்பள உருவமா போடுவாங்க, கையில பூ இருந்தா நம்பிக்கை, கணக்குப் பலகை இருந்தா தாராள மனசு.

லயத்துக்காரி:
தராசுன்னதும் சிரிப்பு வந்துருச்சு. ரப்பர் தோட்டத்துல மரத்துப் பால் நிறுக்கும்போது எங்க அம்மாச்சி வாளி மட்டும் எப்பவும் கொறைஞ்சுதான் நிக்குமாம், தராசு கிராணி (தோட்டத்து கணக்கரு) கையில. நீரோ கதையும் அப்படித்தான், 59-ல பெத்த தாயக் கொன்னான், 62-ல பொண்டாட்டிய, அப்புறம் தங்கக் காசுல கொன்கோர்டியா, அதாவது ஒற்றுமைன்னு போட்டுக்கிட்டான்!!

பழையகாசு:
😂 அந்தக் காலத்து நம்மாளுங்க அந்த குணத்தயெல்லாம் எங்க பாத்தாங்க, எடைய மட்டும்தான் பாத்தாங்க போல. 1898-ல புதுக்கோட்டை பக்கம் 501 ரோமானிய தங்கக் காசு ஒரே எடத்துல கெடைச்சுது, முக்கால்வாசிக்கு மேல ராஜா தலையிலயே ஒரு வெட்டு வெட்டி வச்சிருக்கு, இனிமே இது காசா செல்லாது தங்கமா மட்டும்தான்னு காட்டத்தான்னு சொல்றாங்க.

பால்மரத்துப்பேரன்:
நிறுத்துட்டேன், 4.1 கிராம், ஓரத்துல கோடும் இருக்கு. பாட்டிகிட்ட இன்னும் சொல்லல, வெள்ளிக்கிழமைன்னு இப்பதான் குங்குமம் வச்சு சாம்பிராணி போட்டாங்க.