எங்க ஊர் மேயரைத் தெரிஞ்சவங்க எழுதுங்க

பெரட்டுக்களம்:

கவுன்சிலர் ஐயா தவறிட்ட செய்தி எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். கருமக்கிரியைக்குள்ள ஒரு சின்னப் புத்தகம் போடணும்னு பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. ஆளுக்கொரு சம்பவம் எழுதுங்க, நான் தொகுத்துக் கொடுக்கிறேன். வாழ்த்துப்பா வேண்டாம். "மக்கள் தொண்டர்", "தன்னலமற்றவர்" எல்லாம் மலர்வளையத்து ரிப்பன்லயே வந்தாச்சு. நடந்ததை எழுதுங்க. திட்டணும்னா திட்டுங்கன்னு மூத்த மகளே சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு அது பழக்கம்தானாம்.

கோலாலம்பூர், ஜொகூர்னு போய் வளர்ந்த பிள்ளைங்களுக்காக ஒரு வார்த்தை. தென்கெடாவுல இருக்கிற நம்ம ஊருக்கு மேயரே கிடையாது. டத்தோ பண்டார் எல்லாம் மாநகர் மன்றத்துக்குத்தான். நமக்கு இருக்கிறது மாவட்ட மன்றம். அதுக்குத் தலைவர் யாங் டிபெர்துவா. பெரும்பாலும் அரசாங்க அதிகாரி, மாற்றலாகி வருவார், மாற்றலாகிப் போவார். ஐயா வெறும் மன்ற உறுப்பினர், 1978லிருந்து 2008 வரைக்கும். மேயர்ங்கிறது கோப்பிக்கடைச் சீனக் கிழவர் கிண்டலா வச்ச பேர். பட்டம் கொடுத்த கடைக்கு அடுத்த வாரமே சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிட்டுப் போனார் ஐயா. அப்புறமும் அந்தக் கிழவர் மேயர்னுதான் கூப்பிட்டார்.

மூணாம் டிவிசன்:

நான் ஆரம்பிக்கிறேன். நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

டவுன்லருந்து வர்ற தார் ரோடு ரப்பர்த் தோட்டத்துக் கேட்டுல வெட்டுன மாதிரி நிக்கும். அதுக்கு இந்தப் பக்கம் செம்மண்ணு. தெரு விளக்கும் கேட்டோட சரி. எங்க லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுங்களுக்கு, ஜெனரேட்டர் கரண்டு, ராத்திரி பத்து மணிக்கு அடங்கிடும். தோட்டம் கம்பெனி நிலம், லயத்து வீட்டுக்கு யாரும் மன்றத்துக்கு வரி கட்டுறதில்லை, அதனால மன்றத்து லோரி உள்ள வராது. இதெல்லாம் பின்னாடி புரிஞ்சது. சின்ன வயசுல, அரசாங்கம் அந்தக் கேட்டு வரைக்கும்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். யோசிச்சா அது தப்பும் இல்ல.

1980களில் ஒரு மழைக்காலம். லயத்துக்குப் பின்னால குப்பைக் குழி நிரம்பி லோங்காங்ல, சாக்கடையில, வழியுது. கொசு தாங்கல. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுக்கிற மருந்து கேக்கல. எங்கப்பாவும் பால்வெட்டுக்காரங்க சில பேரும் ஐயாவைப் போய்ப் பார்த்தாங்க. சாயங்காலம் ஹோண்டா கப்ல வந்தார். உள்ள வரல. கேட்டுக்கு வெளிய வண்டியை நிறுத்திட்டு, "இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நான் விருந்தாளிப்பா. உங்க தொரை கூப்பிட்டாத்தான் வரலாம்"னார். எங்கப்பாவுக்குக் கோவம். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்கன்னு கேட்டுட்டார்.

மறுநாள் காலையில பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிறதுக்கு, முன்னாடியே தொரை ஆபிஸ் வாசல்ல நின்னாராம். தோட்டத்து டிராக்டர் குப்பையை அள்ளி முச்சந்தி வரைக்கும் கொண்டாந்து கொட்டணும். முச்சந்தி மன்றத்து நிலம், அங்க ஒரு பெரிய தோங், குப்பைத் தொட்டி, வைப்பாங்க, குப்பை அள்ளுற சம்பா லோரி அங்கருந்து எடுத்துக்கும். தொரைக்குச் செலவு ஒரு நடை டீசல். மன்றத்துக்குச் செலவு ஒரு தோங். ரெண்டு பக்கமும் "அது எங்க வேலையில்ல"ன்னு சொல்ல முடியாதபடி பேசி முடிச்சார். வாரத்துக்கு ரெண்டு நாள் லோரி வர ஆரம்பிச்சது.

இதுல ஒரு வேடிக்கை. தோங் வைக்க முச்சந்தியில எத்தனையோ இடம் இருக்க, கள்ளுக்கடை வாசலுக்கு நேரா வச்சார். நாத்தத்துல பாதி வாடிக்கை குறைஞ்சது. கடைக்காரர் போய்ச் சண்டை போட்டதுக்கு, லோரி திரும்ப அங்கதான் தோதுன்னு சொன்னாராம். ஐயாவோட அப்பா பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்துல, 1947ல ஏ. எம். சாமி தலைமையில தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்னப்போ அதுல இருந்தவர். மகன் கொடி பிடிக்கல. தோங் வச்சார்.

சுங்கைப்பட்டாணி அக்கா:

அப்பா இறந்தப்புறம் அம்மா காலையில கடை முன்னால அஞ்சடி நடைபாதையில வடையும் நாசி லெமாக்கும் வித்தாங்க. லேசன், அதாவது வியாபார உரிமம், கிடையாது. ஒருநாள் அமலாக்கக்காரங்க வந்து மேசை, அடுப்பு எல்லாத்தையும் லோரியில ஏத்திட்டாங்க. அம்மா அழுதுக்கிட்டே என்னை இழுத்துக்கிட்டு ஐயா வீட்டுக்குப் போனாங்க.

நம்ம கெடாவுல வெள்ளிக்கிழமை அரசாங்க ஆபிஸ் மூடியிருக்கும், அன்னைக்கு அவர் வீட்டு முன்னாடி கூட்டம். குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசி வச்சிருக்கிற கிழவிங்க, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்க, சுடுகாட்டுல லாலாங் புல் மண்டிக் கிடக்குன்னு சொல்ல வந்தவங்க. இதுல முக்கால்வாசி மன்றத்து வேலையே இல்ல. ஆனா யாரையும் "தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க"ன்னு அவர் சொல்லி நான் கேட்டதில்ல. எந்த ஆபிஸ், எந்த மாடி, எந்த கவுண்டர்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுப்பார்.

எங்க முறை வந்தது. லேசன் விண்ணப்பப் பாரத்தை எடுத்து அம்மாகிட்ட கொடுக்காம என்கிட்ட நீட்டினார். நான் அப்போ படிவம் ரெண்டு. "நீ எழுது. நான் திருத்துறேன்." மலாய்ல எழுதணும். நான் எழுத, அவர் சிவப்பு மையில அடிக்க, மறுபடி எழுத. பின்னால ஆளுங்க முணுமுணுக்கிறாங்க, ஐயாவே எழுதினா அஞ்சு நிமிஷம்னு. அசையல. லேசன் கிடைக்கச் சில மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அம்மா கோயில் திடல்ல வித்தாங்க, அது எப்படிக் கண்டுக்காம விட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல.

அதுக்கப்புறம் எங்க லயத்துப் பாரம் எல்லாம் என்கிட்டதான் வரும். அரசாங்க ஆபிஸ்ல கிராணியா, கிளார்க்கா, சேர்ந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன்.

கிராணி வீட்டுப் பையன்:

திட்டலாம்னு சொன்னதால எழுதுறேன். வடைக் கடை, குப்பைத் தோங் எல்லாம் உண்மை. கோயில் கதையை ஏன் யாரும் எழுதல?

தோட்டம் வித்தப்போ லயத்தை இடிச்சாங்க. மாரியம்மன் கோயிலுக்கு மாற்று நிலம்னு ஒரு துண்டு, கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்துல. கமிட்டி வேண்டாம்னுது. ஐயா வந்து, "கிடைச்சதை வாங்கிக்குங்க, கையெழுத்துப் போடுங்க"ன்னார். போட்டோம். மேளம் அடிக்கும்போதும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சாமி கும்பிடுறோம். முப்பது வருஷம் மன்றத்துல உட்கார்ந்தவர் அந்தக் கோயிலுக்காக ஒரு தடவை எழுந்து சத்தமாப் பேசினார்னு யாராவது சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

பேச மாட்டார். ஏன்னா அவரை உட்கார வச்சது நாம இல்ல. 1976ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம், 171ஆம் சட்டம், என்ன சொல்லுது? உறுப்பினரை மாநில அரசாங்கம் நியமிக்கும், ஒரு தவணை மூணு வருஷத்துக்கு மேல போகாது, திரும்ப நியமிக்கலாம். ஒவ்வொரு தவணை முடியும்போதும் கடுதாசி வருமா வராதான்னு பார்த்துக்கிட்டிருக்கிற ஆள் எந்த வாயால எதிர்த்துப் பேசுவார்?

ஒரு காலத்துல இப்படி இல்ல. பினாங்கு ஜார்ஜ் டவுன்ல 1951லயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957ல அது மாநகராச்சு, நம்ம டி. எஸ். ராமநாதன் அங்க மேயரா இருந்தார். ஈப்போ நகர மன்றத்துல டி. ஆர். சீனிவாசகம் தலைவரா இருந்தார். 1965ல இந்தோனேசியாவோட மோதல்னு காரணம் சொல்லித் தேர்தலை நிறுத்தி வச்சாங்க. அதே வருஷம் ஆதி நாகப்பன் தலைமையில அரச விசாரணைக் குழு போட்டாங்க. 1968ல அவங்க அறிக்கை கொடுத்தாங்க, தேர்தலைத் திரும்பக் கொண்டு வரணும்னு. அரசாங்கம் ஏத்துக்கல. 1976 சட்டத்தோட கதை முடிஞ்சது. பினாங்கு அரசாங்கம் தனியாச் சட்டம் போட்டுப் பார்த்தது, அதுவும் 2014ல கூட்டரசு நீதிமன்றத்துல நிக்கல. ஐயா நல்லவர்தான். நாம ஓட்டுப் போட்டு அனுப்பியிருந்தா இன்னும் நல்லவரா இருந்திருப்பார்.

பெரட்டுக்களம்:

தம்பி, இது புத்தகத்துல வரும், ஒரு வரி வெட்ட மாட்டேன்.

ஆனா நானும் அந்தக் கமிட்டியில இருந்தவன். நிலம் மாநில அரசாங்கத்தோட அதிகாரம், வேலை நில அலுவலகத்துல. மன்றத்து கையில இருந்தது திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் மட்டும்தான். நிலத்தை வாங்கின கம்பெனி முதல்ல ஒரு அடிகூட தர்றதா இல்ல. தாமானுக்கான, அதாவது புதுக் குடியிருப்புக்கான, வரைபடம் மன்றத்துக்கு அனுமதிக்கு வந்தப்போ, அதுல கோயிலுக்கு இடம் குறிக்கலன்னு சொல்லித்தான் ஐயா அதைத் திருப்பி அனுப்ப வச்சார். கூட்டத்துல சத்தம் போடல, அது வாஸ்தவம். கம்பெனி ரெண்டாவது தடவை கொண்டாந்த வரைபடத்துல அந்தத் துண்டு இருந்தது. நல்ல இடமில்ல.

கிராணி வீட்டுப் பையன்:

அப்போ அதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணே. "பார்க்கிறேன், பார்க்கிறேன்"னுதான் சொன்னார். எங்க பாட்டி சாகுற வரைக்கும் அவர் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டார்னே நம்பினாங்க.

பெரட்டுக்களம்:

வரைபடத்தை வெளிய பேசக்கூடாதுன்னு நெனச்சிருப்பார். எனக்கும் அவர் சொல்லல. திட்டப் பிரிவுல வேலை பார்த்தவர் ஒருத்தர் பல வருஷம் கழிச்சுச் சொன்னது.

பிறை ஷிப்ட்காரன்:

எனக்குக் கோயில் அரசியல் தெரியாது. வரி பில்லு கதை தெரியும்.

லயத்தை விட்டு ரூமா மூராவுக்கு, மலிவு வீட்டுக்கு, வந்த முதல் வருஷம். எனக்குப் பிறையில பேக்டரி வேலை, ராத்திரி ஷிப்ட். காலையில வீட்டுக்கு வந்தா தெருவே கூடி நிக்குது, ஆளுக்கொரு கடுதாசியோட. மன்றத்து மதிப்பீட்டு வரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரி கடைசிக்குள்ள ஒண்ணு, ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒண்ணு. தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு வீட்டுக்கு வரிங்கிறதே புதுசு. பேங்க் கடன் வேற, தண்ணி பில்லு வேற, கரண்டு பில்லு வேற. எங்கம்மா அதை நோட்டீஸ்னு நெனச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களான்னு கேட்டாங்க.

ஐயாவைப் பாலாய் ராயாவுக்கு, ஊர் மண்டபத்துக்கு, வரச் சொன்னாங்க. சத்தம்னா சத்தம். ஒரு பெருசு, "தோட்டத்துல ஒரு காசு கொடுக்காம இருந்தோம், இங்க கொண்டாந்து மாட்டி விட்டீங்களே"ன்னு நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டார். ஐயா எல்லாத்தையும் கேட்டுட்டு எழுந்தார்.

"தோட்டத்துல உங்க லோங்காங் அடைச்சா நான் தொரைகிட்ட கெஞ்சணும். இங்க அடைச்சா இந்த ரசீதைக் கையில வச்சுக்கிட்டு என்னைத் திட்டலாம். ஆபிஸ்ல வந்து திட்டலாம். நான் பதில் சொல்லித்தான் ஆகணும். இத்தனை வருஷத்துல இப்பத்தான்யா நீங்க என்னைத் திட்ட வழி கிடைச்சிருக்கு."

யாரும் கை தட்டல. ஆனா அடுத்த வாரமே அந்தப் பெருசு ரசீதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, வீட்டு முன்னாடி விளக்கு எரியலன்னு ஆபிஸ்ல போய் உட்கார்ந்துட்டார். மூணு நாள்ல விளக்கு வந்தது. அதுக்கப்புறம் எங்க தாமான்ல அவர்தான் புகார் மன்னன்.

2008ல வந்தவன்:

பேர் போட வேண்டாம், கட்சியும் வேண்டாம். ஊருக்குத் தெரியும்.

2008 மார்ச் தேர்தல்ல கெடா ஆட்சி மாறினப்புறம் பழைய உறுப்பினர் யாருக்கும் கடுதாசி வரல. ஐயா இடத்துல என்னைப் போட்டாங்க. கோப்பிக்கடையில அவர் கட்சியைக் கிழிகிழின்னு கிழிச்சவன் நான். பதவி ஏத்த வாரம் ஹோண்டா கப் என் வீட்டு வாசல்ல நிக்குது. பின்னாடி சீட்டுல ரெண்டு பெரிய பிஸ்கட் டின் கட்டியிருக்கு.

உள்ள என்ன? தெரு விளக்குக் கம்பத்து நம்பர் வரிசையா ஒரு நோட்டு. விளக்கு எரியலன்னா கம்பத்து நம்பர் சொல்லாம எந்தப் புகாரும் நகராது, அது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். லோங்காங் எங்க ஆரம்பிச்சு எந்த ஆத்துல விழுதுன்னு கையால போட்ட படம். லேசன் இல்லாம விக்கிறவங்க பட்டியல், அதுல யார் விதவை, யாருக்கு வேற வருமானம் இருக்குன்னு குறிப்பு. சுடுகாட்டுக் கமிட்டியில யார் யாரோட பேச மாட்டாங்கங்கிறதுகூட இருந்தது. கடைசிக் குறிப்புதான் எனக்கு ரொம்ப உபயோகம்.

காப்பி குடிக்கல. "மன்றக் கூட்டத்துல பேசி ஒண்ணும் ஆகாது தம்பி. கூட்டத்துக்கு முந்தின நாள் இஞ்சினியர் ரூம்ல பேசு"ன்னுட்டுப் போயிட்டார். நான் அதைக் கேக்கல. கூட்டத்துல பேசினேன், பேப்பர்ல படம் வந்தது, என் தாமான் லோங்காங் அப்படியே கிடந்தது. கிராணி வீட்டுத் தம்பி சொல்றதுல எனக்கு ஒத்து வராதது இந்த ஒரு இடம்தான். தேர்தல் வேணும், நானும் சொல்றேன். ஆனா சத்தம் போட்டிருந்தா கோயிலுக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கும்னு நான் நம்பல.

கிராணி வீட்டுப் பையன்:

சத்தம் போட்டிருந்தா இடம் கிடைச்சிருக்காது, சரி. எங்க பாட்டி அவரைத் திருடன்னு சொல்லாமலாவது செத்திருப்பாங்க. அண்ணே, வரைபடத்துக் கதையையும் புத்தகத்துல போடுங்க. என் பதிவுக்குப் பக்கத்துலயே.

சுங்கைப்பட்டாணி அக்கா:

இப்போ யாரு கவுன்சிலர்? தெரு முனையில சம்பா தோங் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு.

பிறை ஷிப்ட்காரன்:

வாட்ஸ்அப்ல இருக்கார். நீலக் குறி விழும். பதில் வராது.

2008ல வந்தவன்:

அந்தப் பையனைச் சொல்லாதீங்க. ஐயா காலத்துல ரெண்டு தாமான், இப்போ எண்ணவே முடியாத அளவுக்கு வந்துடுச்சு. அக்கா, தோங் எந்த லோரோங் சந்துல, எந்தக் கம்பத்துக்குப் பக்கத்துலன்னு நம்பரோட அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை ஆபிஸ் திறந்ததும் நான் போய்க் கொடுக்கிறேன்.