பைத்தான் + எஸ்க்யூலைட் மாதிரி நிரல்: டேபிள் இருக்கிறது, போட்ட டேட்டாவைக் காணோம்

கேள்வி:
புதிதாகக் கற்பவர்களுக்காகப் பைத்தானின் எஸ்க்யூலைட்3 மாட்யூலில் (டேட்டாபேஸை ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட்டுக்கான மாட்யூல்) சின்னச் சின்ன மாதிரி நிரல்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நிரல் ஒரு டேபிளை உருவாக்கி, சில பெயர்களை இன்செர்ட் செய்து, செலக்ட் போட்டுக் காட்டுகிறது, அதுவரை சரியாக வருகிறது. இரண்டாவது நிரல் அதே ஃபைலைத் திறந்தால் டேபிள் இருக்கிறது, உள்ளே ஒரு வரிசைகூட இல்லை. எர்ரரும் வரவில்லை. டேபிள் தங்கி டேட்டா மட்டும் எப்படிப் போகும்?

பதில் 1:
கமிட் (மாற்றங்களை நிரந்தரமாகப் பதியும் கட்டளை) இல்லை, அவ்வளவுதான். இன்செர்ட், அப்டேட், டெலீட் வந்தால் இந்த மாட்யூல் தானாகவே, மொத்தமாகப் பதியவோ கைவிடவோ கூடிய மாற்றங்களின் தொகுப்பான ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிடும், கமிட் செய்யாமல் இணைப்பை மூடினால் அதில் இருந்ததெல்லாம் போய்விடும். கிரியேட் டேபிளுக்கு அப்படித் திறப்பதில்லை, அதனால் டேபிள் உடனே ஃபைலில் பதிந்துவிட்டது. முதல் நிரலில் செலக்ட் வேலை செய்ததற்குக் காரணம், கமிட் ஆகாத மாற்றங்களும் அதே இணைப்புக்குத் தெரியும். மாதிரி நிரலில் இன்செர்ட்டுக்குக் கீழேயே கமிட் வரியைப் போடுங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. அடுத்தது பெயரை வைத்துத் தேடும் நிரல். செலக்ட் வரியில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து, எக்ஸிக்யூட்டுக்கு இரண்டாவதாக (பெயர்) என்று கொடுத்தேன், பெயரில் இருப்பது 'கவிதா'. ஸ்டேட்மென்ட்டுக்கு 1 வேண்டும், 5 வந்திருக்கிறது என்று எர்ரர். மூன்றெழுத்துப் பெயரில் 5 எங்கிருந்து வந்தது? பேசாமல் எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்பை நேரே வரிக்குள் செருகும் ஸ்ட்ரிங்) பெயரை ஒட்டிவிடலாமா?

பதில் 2:
ஒட்டாதீர்கள், தயவுசெய்து. (பெயர்) என்பது வெறும் அடைப்புக்குறிதான், டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆக வேண்டுமானால் கமா வேண்டும்: (பெயர்,). இல்லையென்றால் ஸ்ட்ரிங்கையே ஒரு பட்டியலாக எடுத்து ஒவ்வொரு எழுத்தையும் தனி மதிப்பாக எண்ணும். யூனிகோடில் க, வ, இகரக் குறி, த, துணைக்கால் எல்லாம் தனித்தனி, அதனால்தான் 5.

எஃப்-ஸ்ட்ரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றை மேற்கோள் உள்ள ஒரு பெயர் வந்தாலே அந்த நிரல் உடைந்துவிடும், ஒருவர் வேண்டுமென்றே எழுதி அனுப்பினால் அவருடைய கட்டளையே டேட்டாபேஸில் ஓடிவிடும், அதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். மாதிரி நிரலைப் படிப்பவர் அதை அப்படியே காப்பி செய்து நிஜ வேலையில் போடுவார், அதனால் இங்கேதான் ஒழுங்காக இருக்க வேண்டும். இன்னொன்று, கேள்விக்குறி எல்லா இடத்திலும் செல்லாது. பைத்தான் டேட்டாபேஸ் மாட்யூல்களுக்கான பொது விதியான பெப் 249, இந்தக் குறியீட்டு முறையை அந்தந்த மாட்யூலின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது, போஸ்ட்கிரஸுக்கான சைகோபிஜி2-இல் %s. கமென்ட்டில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
கமா போட்டதும் வந்துவிட்டது. 'வித்' பயன்படுத்தினால் கமிட், க்ளோஸ் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளுமா? அப்புறம், மாதிரியை மறுபடி ஓட்டினால் டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடுகிறது.

பதில் 1:
பாதிதான். இணைப்பை வித்-இல் வைத்தால் எல்லாம் நல்லபடி முடிந்தால் கமிட், எக்ஸெப்ஷன் வந்தால் ரோல்பேக் (மாற்றங்களைக் கைவிடுதல்). இணைப்பை மூடாது, க்ளோஸை நீங்கள்தான் அழைக்க வேண்டும். இரண்டாவதற்கு, ஃபைல் பெயருக்குப் பதில் ':மெமரி:' என்பதை ஆங்கிலத்தில் கொடுங்கள், டேட்டாபேஸ் ஃபைலில் இல்லாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும், ஒவ்வொரு முறையும் வெறும் டேட்டாபேஸில் தொடங்கும். கமிட்டை விளக்கும் முதல் நிரலுக்கு மட்டும் ஃபைலே வேண்டும், அங்கே கிரியேட் டேபிளுக்குப் பின் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' சேர்த்துவிடுங்கள்.