மெக்சிகோ காகிதத் தோரணம், அலெப்ரிஹே: 2 மணி நேரப் பட்டறைக்கு எது சரிவரும்?

நூலகத்தோழி:
வணக்கம். டெக்சஸில் எங்க ஊர் நூலகத்துல அக்டோபர் கடைசி சனிக்கிழமை மெக்சிகோ நாட்டுப்புறக் கைவினைப் பட்டறை நடக்குது. 8 முதல் 12 வயசு வரைக்கும் 25 பிள்ளைங்க. பாதிப்பேர் மெக்சிகோக் குடும்பங்கள், மீதிப் பேருக்கு எல்லாமே புதுசு. பாப்பெல் பிக்காடோங்கிற வெட்டுக்காகிதத் தோரணம், அலெப்ரிஹேங்கிற விநோத மிருகப் பொம்மை, சர்க்கரை மண்டையோடு மூணையும் 2 மணி நேரத்துல வைக்கலாமா? தாள் எவ்வளவு வேணும், பிள்ளைங்க எங்க தடுமாறுவாங்கன்னு செய்து பார்த்தவங்க சொல்லுங்க.

தாள்மடிப்பு:
மூணும் வேண்டாம், தோரணம் மட்டும் வைங்க. சர்க்கரை மண்டையோடு அச்சுலேருந்து எடுத்தபிறகு ஒரு நாள் காயணும், ஈரக்காத்து அடிச்சா உதிர்ந்துடும். அலெப்ரிஹே ஒரே உட்காரலில் முடியாது.

இந்தத் தோரணத்துக்குப் பேர்போன ஊர் புவெப்லா மாநிலத்துல இருக்கிற சான் சால்வதோர் உயிஷ்கொலோத்லா. அங்கே கத்தரிக்கோலால வெட்டுறதில்லை. 50 தாள் வரைக்கும் அடுக்கி, கீழே ஈயத்தகடு வச்சு, சின்னச் சின்ன உளிகளைச் சுத்தியலால அடிச்சு இறக்குவாங்க. ஈயம் மெத்துனு இருக்கிறதால உளி முனை மழுங்காது. பிள்ளைங்களுக்கு மடிச்சு வெட்டுறதுதான் சரி, ஆனா மூல முறை இதுன்னு படத்தோட காட்டிடுங்க.

50×70 செ.மீ. டிஷ்யூ தாள் ஒண்ணுல 25×35 துண்டு நாலு வரும். ஆளுக்கு ரெண்டு துண்டுன்னா 50 துண்டு, அதாவது 13 தாள். கிழியும், அதனால 20 வாங்குங்க. ரெண்டு துண்டையும் ஒண்ணா வச்சு, 25 செ.மீ. அகலமுள்ள மேல் ஓரத்துலேருந்து 3 செ.மீ. விட்டுப் பென்சில் கோடு போடச் சொல்லுங்க. அந்தப் பட்டையில கத்தரி படவே கூடாது, அதுல தான் கயிறு வரும். அப்புறம் அகலவாக்குல பாதியா ஒரு மடிப்பு. நடுவுல வரவேண்டிய பெரிய பூவோ இதயமோ இந்த மடிப்பு ஓரத்துல பாதியா வரைஞ்சு முதல்ல வெட்டிடணும். அதுக்கப்புறம் அதே வாக்குல இன்னொரு மடிப்பு. இப்போ 8 அடுக்கு, சின்னக் கத்தரிக்கு இதுவே எல்லை.

பிள்ளைங்க கோட்டை விடுறது இங்கதான். ரெண்டாவது மடிப்புக்குப் பிறகு ஒரு பக்கம் முழு மடிப்பு, எதிர்ப்பக்கம் தாளோட வெளி ஓரமும் நடுமடிப்பும் சேர்ந்திருக்கும். அந்த எதிர்ப்பக்கத்துல வெட்டினா தோரணத்தோட ஓரமே அறுந்துடும். அந்தப் பக்கத்துல சிவப்புப் பென்சிலால கோடு இழுத்து வைங்க. வெட்டுக்கு வெட்டு 1 செ.மீ. தாள் மிச்சம் இருக்கணும். கீழ் ஓரத்துக்கு நுரை மாதிரி வளைவு போதும்.

பிரிக்கும்போது விரலால இழுக்காம ஓரத்துல மெல்ல ஊதினா அடுக்கு தானா விலகும். சுருக்கம் இருந்தா குறைஞ்ச சூட்டுல, நீராவி இல்லாம இஸ்திரி. நீராவி பட்டா சாயம் கசியும். பசையும் அப்படித்தான்: தண்ணிப் பசை வேண்டாம், குச்சிப் பசை மட்டும். 3 செ.மீ. பட்டையைக் கயிறு மேல மடிச்சு ஒட்டி, இடையில 5 செ.மீ. விட்டா 50 துண்டுக்கு 15 மீட்டர் ஆகும். கட்டுறதுக்கு ரெண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூட வைங்க.

பசைக்கிண்ணம்:
தாள்மடிப்பு சொன்னது சரி. ஆனா அலெப்ரிஹேயைக் கைவிட வேண்டாம், மூணு சனிக்கிழமை கிடைச்சா தனியா நடத்துங்க. அது இறந்தோர் நாள்ங்கிற, இறந்த உறவுகளை நினைக்கிற மெக்சிகோப் பண்டிகைக்கான பொருளாப் பிறந்தது இல்லை, அதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லணும். மெக்சிகோ நகரத்துல, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துக்கு யூதாஸ் பொம்மை செய்துட்டிருந்த பேத்ரோ லினாரெஸ் 1936-ல காய்ச்சல்ல கண்ட கனவு உருவங்கள்னு சொல்லுவாங்க. அவர் செய்தது காகிதத்துல. ஒஹாக்காவுல கோப்பால் மரத்துல செதுக்குறது வேறொரு மரபு. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதீங்க.

பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத்தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற மூணு கப் தண்ணியில ஊத்திக் கிண்டணும். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிடலாம். நம்ம ஊர்ல போஸ்டர் பசைக்கு மயில்துத்தம் போடுற வழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைங்க கைக்கு ஆகாது. ரெண்டு ஸ்பூன் வினிகர் போதும், ரெண்டு நாளுக்குள்ள தீர்த்துடுங்க.

செய்தித்தாளைச் சுருட்டி மாஸ்கிங் டேப்பால உடம்பு கட்டி, மேல நாலு அடுக்கு: ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பிரவுன் பேப்பர். நிறம் மாறி வந்தா எங்க விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். தாளைக் கத்தரிக்காம கிழிக்கணும், கிழிஞ்ச ஓரம் தான் தடம் தெரியாம ஒட்டும். ரெண்டு அடுக்குக்கு ஒரு தடவை நல்லா காயவிடுங்க. கன்னத்துல வச்சா சில்லுனு இருந்தா உள்ளே ஈரம் இருக்கு. அதுமேல பெயிண்ட் அடிச்சா பூஞ்சை பிடிச்சு நாறும்.

செண்டுப்பூ:
தோரணம் எங்க தொங்கும்னு யோசிச்சீங்களா? ஒஃப்ரெண்டாங்கிற படையலுக்கு மேல கட்டுறதுன்னா, அதை மெக்சிகோ அம்மாக்கள் கையில விட்டுடுங்க. அவங்களுக்கு அது இறந்த உறவுக்கு வைக்கிற தண்ணி, உப்பு, மெழுகுவர்த்தி, ரொட்டி. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 இறந்த பெரியவங்களுக்கு. அலங்காரத்துக்காக யாரோ ஒருத்தர் புகைப்படத்தை வைக்காதீங்க. ஹாலோவீன் பூசணிக்காயோட ஒரே மேசையிலயும் வேண்டாம்.

பூவுக்குச் செம்பசூச்சில்னு பேர் சொல்லுவாங்க. நாம ஆயுத பூஜைக்குத் தொடுக்கிற அதே செண்டுமல்லி, மெக்சிகோவுலேருந்துதான் உலகத்துக்கே போச்சு. பூ நாலு கட்டு வாங்கி இதழை உதிர்த்து வச்சா, வாசலிலேருந்து படையல் வரைக்கும் பாதை போடலாம்.

நூலகத்தோழி:
ரொம்ப நன்றி. தோரணம் மட்டும்னு முடிவு பண்ணிட்டோம், படையல் அம்மாக்கள் பொறுப்பு. ஒரு துண்டுல நூலகப் பேரை ஸ்பானிஷ்ல வெட்ட ஆசை. மடிச்சு வெட்ட முடியுமா?

தாள்மடிப்பு:
மடிச்சா எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி வரும். அந்த ஒரு துண்டைப் பெரியவங்க மடிக்காம, ரப்பர் பாய் மேல வச்சு, முனையை உடைச்சுக்கிற கட்டர் கத்தியால வெட்டட்டும். O, A மாதிரி உள்ளே ஓட்டை இருக்கிற ஸ்பானிஷ் எழுத்துல நடுத்துண்டு கழண்டு விழுந்துடும், அதைப் பிடிச்சுக்க மேலும் கீழும் 4 மி.மீ. பாலம் விடணும். கத்தி முனையை அடிக்கடி உடைச்சுப் புதுசாக்குங்க, மழுங்கினா டிஷ்யூ வெட்டாம இழுத்துக் கிழிக்கும்.