சூழலியல் களப்படிப்புக்கு வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். இளநிலை உயிரியல் படிக்கும் நான், அடுத்த ஆண்டில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் சூழலியல் களப்படிப்புக்கு ஒதுக்க விரும்புகிறேன். கோஸ்டா ரிக்கா, தான்சானியா, நார்வேயின் ஸ்வால்பார்ட் ஆகிய மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லா அறிமுகப் பக்கங்களிலும் ஒரே மாதிரியான படங்களே இருப்பதால், படிப்பு எங்கே ஆழமாக நடக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. பின்னர் ஆராய்ச்சிக்குச் செல்லும் எண்ணம் உண்டு. வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நான் கோஸ்டா ரிக்காவில் ஓ.டி.எஸ். எனப்படும் வெப்பமண்டல ஆய்வு அமைப்பின் செமஸ்டரை முடித்தவன். பல பல்கலைக்கழகங்கள் கூடி 1963இல் தொடங்கிய இந்த அமைப்புக்கு அங்கே லா செல்வா, லாஸ் குரூசஸ், பாலோ வெர்டே ஆகிய கள நிலையங்கள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு வகைக் காடுகளில் அமைந்திருப்பதே இதன் பெரும் பலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மீட்டர் மழை பெறும் லா செல்வாவில் இலைவெட்டி எறும்புகளின் தடங்களைப் பின்தொடர்ந்து பழகிய ஒருவர், பாலோ வெர்டேயில் வறண்ட மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதைக் காணும்போது, மழை பெய்யும் காலம் ஒரு காட்டின் இயல்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை நேரிலேயே உணர்ந்துவிடுகிறார்.

நான் முதலில் எடுத்துக்கொண்ட ஆய்வுக் கேள்வி மிக அகலமானது. இரண்டு நாள் உழைத்தும் பத்து மாதிரிகள்கூடத் தேறவில்லை. ஒரே செடி, ஒரே பூச்சி, ஒரே அளவீடு என்று அதைச் சுருக்கும்படி ஆசிரியர் சொன்னார். அங்கே நான் கற்றவற்றில் இன்றும் எனக்குப் பயன்படுவது அதுதான்.

மறுமொழி 2

ஆராய்ச்சியே குறிக்கோள் என்றால், ஆய்வுக் கேள்வியை எழுப்புவது யார் என்பதை ஒவ்வொரு திட்டத்திடமும் கேளுங்கள். 1980இல் தொடங்கப்பட்ட ஸ்கூல் ஃபார் ஃபீல்ட் ஸ்டடீஸ் என்ற களப்படிப்பு அமைப்பு, தான்சானியாவின் ரோட்டியா உள்ளிட்ட பல மையங்களில், செமஸ்டரின் பிற்பகுதியில் ஆசிரியர் வழிநடத்தும் ஆய்வில் மாணவர்களைச் சேர்க்கிறது. எஸ்.ஐ.டி. (ஸ்கூல் ஃபார் இன்டர்நேஷனல் டிரெய்னிங்) என்ற மற்றோர் அமைப்பின் பெரும்பாலான வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களிலோ, இறுதியில் சில வாரங்கள் மாணவரே தலைப்பைத் தேர்ந்து தனித்து ஆய்வு செய்கிறார். முன்னது முறைகளை ஒழுங்காகக் கற்க நல்லது. பின்னது, தனியாக உழைக்கும் பழக்கம் உள்ளவருக்கே பொருந்தும் என்பது என் கருத்து.

ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம் வேறு வகை. 78 டிகிரி வடக்கு அட்சரேகையில், லாங்கியர்பியனில், 1993 முதல் இயங்கும் அம்மையத்தில் ஆர்க்டிக் உயிரியலுக்கென்றே தனித் துறை உண்டு. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. துருவக் கரடிகள் நடமாடும் நிலம் என்பதால், களத்துக்குப் போகுமுன் துப்பாக்கியைக் கையாள்வது உட்படப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. தாவரங்களைப் படிக்க விரும்பினால் கோடைப் பாடங்களையே பாருங்கள்.

மறுமொழி 3

பருவகாலம் பற்றி மேலே சொன்னது தான்சானியாவுக்கும் பொருந்தும். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் யானைகள் தாரங்கிரே ஆற்றை நாடித் திரள்கின்றன; மழை வந்ததும் சிதறிவிடுகின்றன. ஆகவே, நீங்கள் செல்லும் மாதமே உங்கள் தரவை முடிவு செய்யும். பெறப்போகும் கிரெடிட்டுகளைத் தங்கள் துறை ஏற்குமா என்பதையும் புறப்படுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாய்மொழி உறுதியை நம்பியதால் ஒரு பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குத் தாவரங்களுக்கும் பூச்சிகளுக்கும் இடையிலான உறவில்தான் ஈடுபாடு என்பதால் கோஸ்டா ரிக்காவை முதலில் வைக்கிறேன். முந்தைய மாணவர்கள் செய்த ஆய்வுகளின் தலைப்புகளை அனுப்பும்படி இன்றே ஓ.டி.எஸ். அமைப்புக்கு எழுதுகிறேன்.